பாக் இசைக்குக் கும்மி அடித்தவன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தில் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். தை மாதம் வாட்ஸ்அப் குழுவில் பாட்டு சார் தவறிவிட்ட செய்தி வந்தது. சரி, இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்ட அந்த டேப் ரெக்கார்டர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப்பேர் தூங்கினோம், மீதிப்பேர் கணக்கு நோட்டைக் காப்பியடித்தோம்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சார் இரண்டு பாட்டு போட்டார். முதலாவது பட்ணம் சுப்ரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா'. கதனகுதூகல ராகம். அதன் ஏறுவரிசையை ஸ ரி ம த நி க ப ஸ என்று கரும்பலகையில் எழுதினார். "பாருங்கடா, ரி-க்கு அப்புறம் க வரோணுமல்ல? வராது. ம-வுக்கு அப்புறம் ப-வும் வராது. வழியில மேய நின்ன ரெண்டு குட்டியும் கடைசியில ஓடியாந்து பட்டியில சேர்ந்துக்குது." அதற்குப் பிறகு எந்த வித்வான் சொல்லியும் அந்த ராகம் எனக்கு இவ்வளவு விளங்கியதில்லை.

அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய 'பாடினெரி'. பல துண்டுகள் சேர்ந்த இசைத்தொகுப்பை 'சூட்' என்பார்கள்; அவருடைய இரண்டாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் கடைசித் துண்டு இது, ஒன்றரை நிமிஷம்தான். புல்லாங்குழல் மூச்சு வாங்காமல் துள்ளிக்கொண்டு ஓடும். ஒரு காலத்தில் பலர் சட்டைப்பையில் செல்போன் மணியாக அலறியது இதுதான். பெஞ்சுக்கடியில் என் கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"ஏண்டா கண்ணு, காலு என்னமோ பேசுதாட்ட இருக்குது. இங்க வந்து சத்தமாப் பேசச் சொல்லு."

போனேன். எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் நோம்பியில், அதாவது திருவிழாவில், பார்த்த வள்ளி கும்மி மட்டும். அதைப் போட்டேன். அடி தாளத்தில் கச்சிதமாக விழுந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். யார் கவனித்தார்கள்? வகுப்பே உருண்டு சிரித்தது. சாரும் சிரித்தார், அதுதான் உறைத்தது. மணி அடித்ததும் வாசலில் நிறுத்தி, "பாட்டக் கேட்டது நீ ஒருத்தந்தான்டா" என்றார். அதையும் கேலி என்றுதான் நினைத்தேன். மறு வெள்ளி முதல் பெஞ்சிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். 'கும்மி' என்ற பெயர் பிளஸ் டூ வரை ஓடியது. சங்கத்தில் இரண்டு பேர் இன்னும் விடவில்லை.

போன வருஷம் ஜெர்மனியில் லைப்சிக் போயிருந்தேன். 1723 முதல் 1750-இல் சாகும்வரை பாக் வேலை பார்த்த ஊர். ஒரு மாலைக் கச்சேரியில் அதே துண்டை வாசித்தார்கள். அரங்கில் ஒரு தலைகூட அசையவில்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி என் ஷூவைப் பார்த்தார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன். இடைவேளையில் நிகழ்ச்சித்தாளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, 'பாடினெரி' என்றால் பிரெஞ்சில் விளையாட்டுக் கேலியாம்.

சார் அன்றைக்கு எதற்குச் சிரித்தார் என்று கேட்டிருக்கலாம். அவர் நம்பர் அதே குழுவில்தான் இருந்தது.

இப்போது ஊரில் வள்ளி கும்மிக்கு அரங்கேற்றமே நடக்கிறது. ஒரே நிறச் சேலையில், வேட்டியில், நூற்றுக்கணக்கில் ஆடுகிறார்கள். அக்கா மகன் வீடியோ அனுப்பி, "மாமா, வர்ற நோம்பிக்கு வந்து நீங்களும் ரெண்டு அடி போடோணும்" என்கிறான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். இரண்டு அடி வந்தது. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.