ஈர வால்

கொட்டிலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். பன்றிகளின் முகமெல்லாம் அப்புறம். கூட யாராவது வந்திருந்தால் கொஞ்சம் சங்கடம்தான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குனிந்து குச்சியால் சாணத்தைக் கிளறிக்கொண்டிருப்பேன். ஒன்பது குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த வாரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

அப்போது என்னிடம் இருந்தவை இரண்டு தாய்ப்பன்றிகள். மூத்தது போட்ட ஒன்பதும் ஆறு வாரத்தில் கொழுகொழுவென்று இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் நேரம் இருக்கிறதே என்று எல்லா வேலையையும் ஒரேயடியாக முடித்தேன். குட்டிகளைப் பிரித்தேன், வேறு கொட்டிலுக்கு மாற்றினேன், தீவனத்திலும் புது மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போனவை மறுநாள் பசி தாங்காமல் தொட்டியில் முட்டி மோதித் தின்றன. பார்க்க ஆசையாக இருந்தது. மாலையில் இன்னொரு வாளி போட்டேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு குட்டியின் வால் நனைந்திருந்தது. நன்றாக இருக்கிற குட்டிக்கு வால் சுருண்டு துறுதுறுவென்று இருக்கும். இதற்குத் தொங்கிக்கொண்டிருந்தது, நுனியில் சொட்டுச் சொட்டாக ஈரம். பின்தொடை சிவந்து வெந்திருந்தது. சுவரோரம் வெளிறிய மஞ்சளில் தண்ணீர்க் கழிச்சல். மற்ற எட்டும் தின்றுகொண்டிருந்ததால், ஒன்றுக்குத்தானே, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மாலைக்குள் நான்குக்கு ஆகிவிட்டது. மறுநாள் விடியும்போது முதல் குட்டி செத்துக் கிடந்தது. கண்கள் குழிவிழுந்து, தூக்கினால் வெறும் தோல்பையாக இருந்தது.

கால்நடை மருத்துவர் வந்ததும் தீவனத்தில் விஷம் கலந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. “ஒரே நாளில் எத்தனை விஷயம் மாற்றினீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார். விரல்விட்டு எண்ணினேன். தாய், இடம், தீவனம். இன்னொரு வாளி போட்டதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

அவர் விளக்கியது இதுதான். ஈ.கோலைக் கிருமி எப்போதும் குட்டியைச் சுற்றியும் அதன் குடலிலும் இருக்கிறது. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள்கள் குடல் சுவரில் அது ஒட்டாமல் காத்துக்கொண்டிருக்கும். பால் நின்றதும் அந்தக் காவலும் போய்விடுகிறது. கூடவே குட்டி ஒரு நாள் பட்டினி கிடந்தால் குடலின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய நீட்சிகள் குட்டையாகிவிடும். செரிக்கிற பரப்பு குறையும். அந்த நேரம் பார்த்து வயிறு முட்டத் தின்றால் செரிக்காத தீவனம் கீழே இறங்கி, கிருமிக்கு விருந்தாகிவிடும். பிரித்த முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம்.

குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீர் வற்றிப்போவதுதான். அவர் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுக் காட்டினார். நல்ல குட்டிக்குத் தோல் உடனே படிந்துவிட்டது. நோய்ப்பட்டதற்குக் கிள்ளிய மடிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. மருந்தை அவர் எடை பார்த்துக் கொடுத்தார். என் வேலை கரைசல். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சோர்ந்த குட்டிக்கு, வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய் முனையான நிப்பிளை அழுத்தவே தெம்பு இருக்காது என்பதால் அகலத் தட்டில் ஊற்றி மூக்கருகே வைத்தேன். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, காய்ந்த வைக்கோல் போட்டு, கதகதப்பாக வைத்தேன். எட்டும் பிழைத்தன. அதில் இரண்டு கடைசிவரை சவலையாகவே இருந்தன.

இப்போது நான் குட்டிகளை நகர்த்துவதில்லை, தாயைத்தான் வேறு இடத்துக்கு ஓட்டுகிறேன். பால் குடிக்கும்போதே இரண்டாம் மூன்றாம் வாரத்திலிருந்து கொஞ்சம் தீவனம் கொறிக்கப் பழக்கிவிடுகிறேன். மூட்டை மாற்றுவதானால் பழையதையும் புதியதையும் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் இழுத்துத்தான் மாற்றுவது.

இவ்வளவு பட்டும் அடுத்த ஈற்றில் வேறொரு முட்டாள்தனம் செய்தேன். ஒன்பது நாள் குட்டிகள், இன்னும் பால்குடி. மஞ்சளாக, களிம்பு மாதிரிக் கழிச்சல். மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தேன். மூன்று நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. வந்தது காக்சிடியா என்கிற ஒட்டுண்ணி. ஆன்டிபயாட்டிக் அதற்கு ஒன்றும் செய்யாது. சாதாரணக் கிருமிநாசினிக்கும் அசையாமல் தரையிலேயே கிடக்கும். கொட்டிலைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நன்றாகக் காயப்போட்டுத்தான் அடுத்த தாயை உள்ளே விட்டேன். மிச்ச மருந்துப் புட்டியும் இப்போது என்னிடம் இல்லை.

வளர்ந்த பன்றி ரத்தமும் சளியுமாகக் கழிந்தால் சீதபேதியாக இருக்கலாம், சாட்டைப்புழுவாகவும் இருக்கலாம். பார்வையை வைத்துச் சொல்ல முடியாது, சாணத்தைச் சோதனைக்குக் கொடுப்பதே வழி. தார் போலக் கறுப்பாகப் போய், பன்றியும் வெளுத்திருந்தால் இரைப்பையில் புண் இருக்கலாம். தீவனத்தை மாவாக அரைப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்தபின், அரைவையைக் கொஞ்சம் கொரகொரப்பாக மாற்றினேன். ஒன்றுக்கு மேற்பட்டவை 40 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு தீவனம் எடுக்காமல் படுத்தால் கைவைத்தியமே கிடையாது, உடனே தொலைபேசிதான். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மாதிரியானவற்றுக்குச் சிகிச்சையே இல்லை.

கழிச்சலுக்கே பயந்துகொண்டிருந்தவனுக்கு மலச்சிக்கல் புதிதாக இருந்தது. இளைய தாய்ப்பன்றி குட்டி போட இரண்டு நாள் இருக்கும்போது, முக்கி முக்கிக் கோலிக்குண்டு போலப் போட்டது. தவிட்டைக் கூட்டினேன், காலாற நடக்கவிட்டேன், பலனில்லை. கடைசியில் ஏதோ தோன்றி, நிப்பிளுக்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் பாதிகூட நிரம்பவில்லை. பால் கொடுக்கிற தாய் ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். அதற்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது வர வேண்டும். கழற்றினால் உள்ளே துருவும் பாசியும். சுத்தம் செய்து மாட்டிய மறுநாளே சாணம் இளகிவிட்டது. நல்லவேளை, தண்ணீர் அடியோடு நின்றுபோயிருக்கவில்லை. அப்படி நின்றிருந்தால் திறந்துவிட்டதும் இஷ்டத்துக்குக் குடிக்கவிடக் கூடாது. உடம்பில் ஏறிய உப்பால் மூளை வீங்கி வலிப்பு வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த இளையவளின் குட்டிகளைப் பிரித்து நேற்றோடு நாலு நாள். ராத்திரி தூக்கம் வராமல் டார்ச்சோடு போனேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. வால்களை எண்ணினேன்: பத்து. பதினொன்றாவது வைக்கோலுக்குள் இருந்தது. விலக்கி விரலால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குட்டிதான் வீரிட்டுக் கத்தி மொத்தக் கொட்டிலையும் எழுப்பிவிட்டது.