தையல் எங்கே விழுகிறது

வால் எலும்புக்கு மேலே சீழ்வைத்த கட்டியைத் திருப்பாதிரிப்புலியூரில் என்னைப் பார்த்த எல்லோரும் பவுத்திரம் என்றே சொன்னார்கள். அது பைலோனிடல் சைனஸ். உதிர்ந்த முடி, அதிலும் பெரும்பாலும் தலையிலிருந்து வெட்டுப்பட்டு விழும் கூரிய துணுக்குகள், பிட்டப் பிளவின் ஈரத்திலும் உராய்விலும் தோலுக்குள் குத்தி இறங்குவதால் வருவது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரிடையே இதற்கு ஜீப் நோய் என்றே பெயர். முள்ளோடை வழியாகப் புதுச்சேரிக்கு நாள்தோறும் பைக்கில் போய்வரும் எனக்கு அந்தப் பெயரின் பொருள் நன்றாகவே புரிகிறது.

முதல் முறை புண்ணை அகற்றி, பிளவின் நடுக்கோட்டிலேயே நேராகத் தைத்தார்கள். எட்டு மாதத்தில் திரும்பியது. இரண்டாம் முறை தைக்காமல் திறந்தே விட்டு மூன்று மாதம் கட்டு மாற்றினார்கள், அதுவும் நிலைக்கவில்லை. எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்பதைவிடத் தழும்பு எங்கே அமைந்தது என்பதே முக்கியம் என்று மூன்றாவது மருத்துவர் சொன்ன பிறகுதான், பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடும் ஃபிளாப் முறைகளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

கிரேக்க ராணுவ மருத்துவர் காரிடாகிஸ், புண்ணை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டி, மறுபக்கத் தோலை இழுத்து, நடுக்கோட்டை விட்டு விலகித் தைத்தார். தாம் சிகிச்சை செய்த 6,000-க்கும் மேற்பட்டவர்களில் நோய் திரும்பியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று 1992-இல் எழுதினார். அமெரிக்கரான பாஸ்கம், கொழுப்பைப் பெரிதும் வெட்டாமல், தோலை மட்டும் நகர்த்திப் பிளவின் ஆழத்தையே குறைத்தார். பலமுறை தோற்றுப்போன நோயாளிகளுக்காகவே அவர் வகுத்த வழி அது. தழும்பு சிறிதாக அமைய வேண்டுமென்றால் இவ்விரண்டில் ஒன்றைத்தான் நான் விரும்பியிருப்பேன்.

ஆனால் எனக்கு இடப்பக்கமும் துளைகள் இருந்ததாலும், பழைய தழும்போடு சேர்த்து அகலமாக எடுக்க வேண்டியிருந்ததாலும், பக்கத்துத் தசைமேட்டிலிருந்து தடித்த தோலைத் திருப்பி வைக்கும் லிம்பர்க் முறையே பொருந்தும் என்றார் அந்த மூன்றாவது மருத்துவர். குப்புறப் படுக்க வைத்து, பிளவை பிளாஸ்திரியால் இருபுறமும் இழுத்து ஒட்டி, ஊதா மையால் 60, 120 பாகைக் கோணங்களில் ஒரு சாய்சதுரம் வரைந்தார். பிறகு அதன் கீழ்முனையை ஸ்பிரிட் பஞ்சால் அழித்து, நடுக்கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி மறுபடி வரைந்தார்; பழைய லிம்பர்க் முறையில் ஆசனவாய்க்கு அருகே நடுக்கோட்டில் நிற்கும் அந்த முனையில்தான் நோய் மீண்டும் தலைகாட்டும் என்றார். அண்ணன் எடுத்த புகைப்படத்தில் அழித்த கோடு மங்கலாகத் தெரிகிறது.

கசிவை வடிக்கும் குழாய் நான்கு நாள் இருந்தது. தழும்பு பெரியது, அந்த இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனைவி அங்கே முடியை மழித்துவிடுகிறாள். மூன்று ஆண்டுகளாகக் கசிவு இல்லை.

சென்ற மாதம் சித்தப்பா மகனுக்கும் இதே கட்டி வந்தது; நேராகத் தைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் புகைப்படத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். தனக்குத் தையல் எங்கே விழும் என்று வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் கேட்கப்போகிறான்.