கம்பியின் மேல் ஒரு கீறல்

கடலோரக் கட்டடங்களில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியத் தொடங்கினால், பழி பெரும்பாலும் சிமெண்டின் மீதோ கொத்தனாரின் மீதோ விழுகிறது. அந்தச் சேதம் தொடங்கிய இடமோ காங்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் எஃகுக் கம்பியின் மேற்பரப்பு. பொருளறிவியலில் அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவது, குறித்து வெளிவரும் ஆய்வுகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்துவருகிறேன்; அவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்துக்கே வந்து சேர்கின்றன. பாலிமர்ப் பூச்சு, புதிய வகைச் சிமெண்ட், கணினி உருவகப்படுத்தல் என்று தனித்தனித் துறைகளாகத் தெரிபவை எல்லாம், கம்பியும் காங்கிரீட்டும் தொட்டுக்கொள்ளும் மெல்லிய எல்லையில்தான் வெல்கின்றன அல்லது தோற்கின்றன. அந்த எல்லைக்கு நாம் போதிய கவனம் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நன்றாகச் செய்யப்பட்ட காங்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீர் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 12.5 முதல் 13.5 வரை இருக்கும். அந்தக் காரச் சூழலில் எஃகின் மேல் சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உருவாகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்கும் வேகம் பொருட்படுத்தத் தேவையற்ற அளவுக்குக் குறைவு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உட்புகுந்து, பி.எச். மதிப்பை 9-க்கும் கீழே இறக்கிவிட்டால் அந்தப் படலம் கம்பி நெடுகக் குலையும். கடல் உப்பிலுள்ள குளோரைடு செய்யும் வேலை வேறு: காரத்தன்மை அப்படியே இருக்கும்போதே அது படலத்தை அங்கங்கே புள்ளி புள்ளியாகத் துளைக்கும். துளைபட்ட சிறு புள்ளி நேர்மின்வாயாகவும் சுற்றியுள்ள பெரிய பரப்பு எதிர்மின்வாயாகவும் செயல்படுவதால், இரும்பு கரைவது முழுவதும் அந்தப் புள்ளியிலேயே குவிந்து, குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. உண்டாகும் துரு, கரைந்த இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல்தான் காங்கிரீட் விரிசல் விட்டுப் பெயர்கிறது.

இதைத் தடுக்கும் எளிய வழியாக எவருக்கும் தோன்றுவது, கம்பியின் மேல் உப்பு நுழைய முடியாத ஒரு பாலிமர்ப் பூச்சைப் பூசுவது. எப்பாக்சி என்ற பிசின் வகைப் பாலிமரின் தூளைச் சூடேற்றிய கம்பியின் மேல் தெளித்து உருக்கி ஒட்டவைக்கும் முறை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆராயப்பட்டது. 1973-இல் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தின் தளத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பிலிருந்து பாலத் தளங்களைக் காப்பதே அன்றைய நோக்கம். அதே கம்பி அடுத்த சில ஆண்டுகளில் கடலுக்கும் போனது. ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்முனையிலுள்ள கீஸ் தீவுகளை இணைக்கும் செவன் மைல், லாங் கீ முதலிய பாலங்கள், நீரைத் தொட்டு நிற்கும் தூண்களில் எப்பாக்சி பூசிய கம்பிகளைக் கொண்டு 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நிற்கும் என்று நம்பப்பட்ட அத்தூண்களில், 1986-லேயே அலை தெறிக்கும் பகுதியில் காங்கிரீட் பிளந்து துரு வெளிப்பட்டது.

அதன் பின் சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அல்பெர்ட்டோ சாகூஸும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளை, இத்துறையில் நுழையும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பூச்சு பூசிய பிறகு கம்பியை வளைத்ததில், வளைவின் வெளிப்புறத்தில் பூச்சு நீண்டு பிடிப்புத் தளர்ந்திருந்தது. ஏற்றி இறக்கியதிலும், திறந்தவெளியில் கிடந்ததிலும், கட்டும்போது பட்ட உரசலிலும் சிறு கீறல்கள் விழுந்திருந்தன. உப்பு நீர் கீறல் வழியே நுழைந்து, பூச்சுக்கும் எஃகுக்கும் இடையே பரவி, பூச்சை எஃகிலிருந்து பிரித்துவிட்டது. அப்படிப் பிரிந்த இடுக்கில் கரையும் இரும்பும் குளோரைடும் நீரும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். காங்கிரீட்டின் காரமோ அங்கே எட்டாது. கம்பியைக் காப்பதற்காகப் பூசிய பூச்சு, காங்கிரீட் இயல்பாகவே கொடுத்துவந்த காப்பிலிருந்து கம்பியைப் பிரித்துவிட்டது. பாலத் தளங்களில் இந்தக் கம்பிகள் இதைவிட நன்றாகவே தாங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரும் ஓயாத ஈரமும் சேர்ந்த சூழலில்தான் குறை அவ்வளவு விரைவில் வெளிப்பட்டது. தமிழகக் கடற்கரையின் தட்பவெப்பம் எந்தப் பக்கம் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் ராதாகிருஷ்ண பிள்ளையின் குழு செய்துவரும் வேலை எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. கீறலுடன் சேர்த்து வெயிலையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எப்பாக்சிக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது: அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, பூச்சு சுருங்கி, நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. நம் ஊர்களில் கட்டுமானம் பாதியில் நின்று, தூண்களின் உச்சியில் பிற்காலத்துக்கென விடப்பட்ட கம்பிகள் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அவ்வாறு வெயில் பட்ட பூச்சின் வழியே குளோரைடு எளிதில் ஊடுருவுகிறது என்பதையும், அத்தகைய கம்பியைப் பொறுத்த மட்டில் கட்டமைப்பின் கணிக்கப்பட்ட ஆயுள் பெரிதும் குறைகிறது என்பதையும் அவர்களுடைய ஆய்வுகள் காட்டின.

நம் நாட்டில் பரவலாக உள்ள இன்னொரு பூச்சு, சிமெண்டும் பாலிமரும் கலந்தது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இவ்வகைப் பூச்சில், கம்பியின் மேலுள்ள துருவை முழுவதும் நீக்குவதே முதல் படி. மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்த கம்பியையும், வந்தது வந்தபடியே பூச்சு பூசிய கம்பியையும் ஒப்பிட்டுப் பார்த்த சென்னை ஆய்வாளர்கள், இரண்டாவது வகையில் பூச்சுக்கு அடியிலேயே அரிமானம் முன்கூட்டித் தொடங்குவதைக் கண்டார்கள். வேலை நடக்கும் இடத்தில் துருப்பிடித்த கம்பியின் மேலேயே தூரிகையால் பூசிவிட்டுப் போவதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் புரியும். செலவு செய்து பூசியாகிவிட்டது என்ற நிம்மதி மட்டுமே அங்கே மிஞ்சுகிறது.

அவர்கள் சுட்டிக்காட்டிய மற்றொரு சிக்கல் இன்னும் ஆழமானது. காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா என்று பார்க்க, தாமிர சல்பேட் மின்வாய் ஒன்றைக் காங்கிரீட்டின் மேல் வைத்து மின்னழுத்தத்தை அளப்பது நெடுநாள் வழக்கம். அளவு −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அரிமானம் நடப்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கொள்வார்கள். ஆனால் மின்தடை மிக அதிகமுள்ள பூச்சு இடையில் இருக்கும்போது இந்த அளவீட்டை அப்படியே நம்ப முடியாது. உப்பிடமிருந்து கம்பியை மறைக்கும் பூச்சு, ஆய்வு செய்ய வருபவரிடமிருந்தும் அதை மறைத்துவிடுகிறது. இத்தகைய கம்பிகளுக்கு, வெவ்வேறு அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி அளக்கும் மின்மறுப்பு முறையே பொருத்தமானது என்பது அவர்களுடைய பரிந்துரை.

கணினி உருவகப்படுத்தலுக்கு வருகிறேன். கடலோரப் பாலம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கணிக்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம், 1855-இல் அடால்ஃப் ஃபிக் எழுதிய பரவல் விதி. 1970களில் இத்தாலிய ஆய்வாளர் மாரியோ கொலபார்தியும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் காங்கிரீட்டுக்குள் குளோரைடு ஊடுருவுவதற்குப் பொருத்திக் காட்டினார்கள். 1982-இல் சுவீடனில் கியோஸ்தி டூட்டி, கட்டமைப்பின் ஆயுளை உப்பு கம்பியை எட்டும்வரை ஒரு கட்டம், துரு வளர்ந்து காங்கிரீட் பிளக்கும்வரை மற்றொரு கட்டம் என்று இரண்டாகப் பிரித்தார். இன்றும் பெரும்பாலான கணிப்புகள் இந்தச் சட்டகத்துக்குள்தான் நடக்கின்றன. ஃபிக்கின் விதியிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவை வீடு கட்டுபவர்கள்கூட அறிந்துவைத்திருப்பது நல்லது: மற்றவை மாறாமல் இருந்தால், உப்பு கம்பியை எட்ட ஆகும் காலம் கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட் கனத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 25 மில்லிமீட்டர் கவருக்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் கொடுத்தால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தலைகீழாகவும் இதே கணக்குதான். கம்பியை உரிய இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக் கட்டை நழுவிக் கனம் பாதியானால், காலம் கால் பங்காகச் சுருங்கிவிடும்.

இந்தச் சமன்பாடுகளின் பலவீனம் வேறொரு எண்ணில் இருக்கிறது. கம்பியின் படலம் உடைய எவ்வளவு குளோரைடு சேர வேண்டும் என்ற வரம்பை மென்பொருளுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். பின்னாளில் சூரிச்சிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரான ஊலி ஆங்ஸ்ட் 2009-இல் கூட்டாளிகளுடன் வெளியிட்ட மதிப்பாய்வில், அதுவரை உலகெங்கும் அறிவிக்கப்பட்ட வரம்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு இருந்தது. எஃகின் மேற்பரப்பு எப்படி இருந்தது, கம்பியின் அடிப்புறத்தில் காற்றிடைவெளிகள் இருந்தனவா, ஈரம் எவ்வளவு, சோதித்த துண்டின் நீளம் என்ன என்பவற்றைப் பொறுத்து அந்த எண் மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது குழி வளர்வதையும் அதிலிருந்து விரிசல் கிளைப்பதையும் ஒருசேரக் கணிக்கும் ஃபேஸ் ஃபீல்ட் முறைகள் வேகமாக வளர்ந்துவருகின்றன. எமிலியோ மார்த்தினெஸ் பன்யேதாவின் குழு இதில் முன்னணியில் நிற்கிறது. அந்தக் கணக்கீடுகளின் நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் கம்பியின் உண்மையான மேற்பரப்பைப் பற்றிய அளவீடுகள் கிடைக்காதவரை, உருவகப்படுத்தல் எவ்வளவு நுட்பமானாலும் அதன் விடை ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கும்.

பூச்சை விட்டுவிட்டு எஃகையே மாற்றியவர்களும் உண்டு. மெக்சிகோவின் யுகாத்தான் கரையில் ப்ரொக்ரேசோ என்ற ஊரில், 304 வகைத் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளைக் கொண்டு 1941-இல் கட்டி முடிக்கப்பட்ட கடற்பாலம், பெரிய பழுது எதுவுமின்றி பல பத்தாண்டுகள் உழைத்தது. சாதாரணக் கம்பியால் அதன் அருகே பின்னர் கட்டப்பட்ட மற்றொரு பாலம் சிதைந்தே போயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்திலும் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன. வெளியே தெரியும் எஃகுப் பகுதிகளுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு பூசப்பட்டுள்ளது. இப்பாலிமரின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலி. அந்தப் பிணைப்பு கார்பன்-கார்பன் பிணைப்பைவிட வலிமையானது என்பதால், எப்பாக்சியைச் சிதைக்கும் வெயிலை இது நன்றாகத் தாங்குகிறது. கண்ணாடி இழையும் பாலிமரும் சேர்ந்த கம்பிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றுக்குத் துரு என்பதே இல்லை. ஆனால் வேலையிடத்தில் வளைக்க முடியாது, விறைப்பும் எஃகின் கால் பங்கு அளவே.

கம்பியைச் சூழ்ந்த சிமெண்டை மாற்றும் முயற்சிதான் இப்போது மிகுந்த நம்பிக்கை தருவது. சுவிட்சர்லாந்தின் கேரன் ஸ்க்ரிவெனரும் கியூபாவின் ஃபெர்னாண்டோ மார்த்திரேனாவும் நம் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களின் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த எல்.சி.3 சிமெண்டில், சாதாரணச் சிமெண்டின் முக்கியப் பகுதியான, சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் பாதி மட்டுமே. மீதியில் 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல், 5 விழுக்காடு ஜிப்சம். கிளிங்கருக்கு ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். இதன் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் குளோரைடு மிக மெதுவாகவே ஊடுருவும். அதே சமயம் இதன் காரத்தன்மை குறைவு. படலத்தை உடைக்கும் குளோரைடு வரம்பும் இதில் குறைவு. சென்னை ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஊடுருவலின் மந்தமே மேலோங்கி, உப்புச் சூழலில் ஆயுள் கூடுவதாகவே விடை வந்தது. கார்பன் டை ஆக்சைடின் தாக்குதலில் மட்டும் இது சாதாரணச் சிமெண்டைவிட விரைவில் காரத்தை இழக்கிறது. நெய்தல் நிலத்துக்குப் பொருந்துவதை உள்நாட்டு நகரங்களுக்கும் யோசிக்காமல் பரிந்துரைக்கக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

இவை எல்லாவற்றையும் சரிபார்க்கக் குறுக்கு வழி கிடையாது. குளோரைடு எவ்வளவு எளிதில் ஊடுருவும் என்று அறிய, காங்கிரீட் வில்லையின் குறுக்கே 60 வோல்ட் கொடுத்து 6 மணி நேரத்தில் முடிக்கும் சோதனை, நுண்துளை நீரின் மின்கடத்தலையும் சேர்த்தே அளப்பதால், புதிய சிமெண்ட் வகைகளுக்கு உண்மையைவிட நல்ல மதிப்பெண் கொடுத்துவிடக்கூடும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வு நிறுவனம், மண்டபம் என்ற கடலோர ஊரில் கடற்காற்றிலும் கடல்நீரிலும் உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் வைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அளக்கும் வேலையைச் செய்துவந்திருக்கிறது. ஆய்விதழ்களில் பெரிதாகப் பேசப்படாத இந்த வேலைக்கு நிதி குறையாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. மண்டபத்துக்கு எதிரிலேயே புதிய பாம்பன் பாலம் நிற்கிறது: அதன் தூண்களில் ஒவ்வோர் ஆழத்திலும் சேர்ந்துள்ள குளோரைடின் அளவு, பாலிசிலாக்சேன் பூச்சின் தடிமன், அது விட்டுப்போன இடங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து, எல்லா ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி ரயில்வே துறை பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐந்தாண்டு அளவீடுகள் கைக்கு வந்தாலே, இந்தக் கடற்கரைக்கென்று தனியாக ஓர் ஆயுள் கணிப்பைச் செய்யத் தொடங்கிவிடலாம்.