ஏழில் ஒன்று

அணுமின் நிலையத்தில் மனிதர்கள் பிழை செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது என் வேலை. கணக்குத் தாளில் ஒரு கட்டத்தில் 'நடுத்தரம்' என்று எழுதினேன். மூன்று வருடம் ஆகியும் உறுத்துகிறது.

வழக்கமான பம்ப் நின்றால் நீராவிக் கலனுக்குத் தண்ணீர் தரும் துணை ஃபீட்வாட்டர் பம்பின் சோதனை. முடிந்ததும் ஒருவர் வால்வைத் திறக்க வேண்டும், இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் ஆள் மறந்திருந்தால் இரண்டாம் ஆளும் கோட்டைவிட எவ்வளவு வாய்ப்பு? 1983இல் ஸ்வெயினும் குட்மனும் மனிதப் பிழைக் கணக்குக்குத் தந்த கையேட்டில் இதற்கு வாய்பாடே இருக்கிறது. ஒருவர் பிழை இன்னொருவரைத் தொற்றுவது குறைவு என்றால் ஏறக்குறைய இருபதில் ஒன்று, நடுத்தரம் என்றால் ஏழில் ஒன்று, அதிகம் என்றால் இரண்டில் ஒன்று. பெருக்கல் எளிது. எந்த வரியை எடுப்பது என்பதில்தான் எல்லாம்.

இரண்டாம் ஆளாகக் கையெழுத்திடும் மூத்த ஆபரேட்டரிடம் கேட்டேன். "அவர் திறந்துட்டேன்னு சொன்னா நான் போட்டுடுவேன் சார். இருபது வருஷப் பழக்கம்" என்றார். பேனாவை எடுத்தேன். "அதை எழுதிடாதீங்க."

எழுதவில்லை. சரி, பெயரில்லாமல் 'அதிகம்' என்று போட்டிருக்கலாமே? அந்த ஷிப்டில் சரிபார்ப்பவர் அவர் ஒருவர்தான், பெயர் எதற்கு? அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள், அப்புறம் எங்கள் எண்கள் வெறும் ஜோடனை. இது பாதி உண்மை. மறுஆய்வுக் கூட்டத்தில் 'அதிகம்' என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்பது மீதி.

1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது இதே வேலைக்கான வால்வுகள் இரண்டு மூடிக் கிடந்தன. எட்டு நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். விபத்தைப் பெரிதாக்கியது அவையல்ல, திறந்தபடி சிக்கிக்கொண்ட அழுத்தம் தணிக்கும் வால்வுதான். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். அதற்காக என் வரி சரியாகிவிடுமா?

என் கணக்குத் தாளிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்து மேசைக்காரர் டீ குடித்தபடியே கையெழுத்திட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேட்டர் ஓய்வு பெற்ற அன்று என்னைத் தனியே கூப்பிட்டார். "கடைசியில என்ன போட்டீங்க?"

"ஏழில் ஒன்று."

விரல்விட்டு எண்ணுவதுபோல் கொஞ்சம் யோசித்தார். "அப்போ ஆறு தடவை நான் போய்ப் பார்த்துக் கண்டுபிடிச்சிடுவேனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். தாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.