7.26-இல் ஒரு பீக்

முதுகலை வேதியியல் படித்த நாட்களில், செய்முறை வகுப்பு முடிந்து திரும்பும் மாலைப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கிப் கருவியில் இரும்பு சல்பைடுத் துண்டுகளின் மேல் நீர்த்த அமிலம் படும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அழுகிய முட்டையின் நாற்றத்தோடு துப்பட்டாவிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். ஆய்வகத்துக்குள் இருக்கும்வரை அது நமக்கு உறைப்பதில்லை. மூக்கு விரைவில் பழகிவிடும், வாயுவின் அளவு கூடினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும் என்பதுதான் அதன் அபாயமும்கூட. வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே அம்மா, "உள்ள வராத, முதல்ல தலைக்கு ஊத்திக்க" என்பார்.

வட மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் படித்தேன். பள்ளியிலும் இளங்கலையிலும் தமிழ் வழி. முதுகலை முழுக்க ஆங்கிலம். முதல் பருவத்தில் பேராசிரியர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் தமிழாக்கி, புரிந்துகொண்டு, மீண்டும் ஆங்கிலமாக்கிக் குறிப்பேட்டில் எழுதுவதற்குள் அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். ஆனால் தமிழில் படித்ததால் நட்டம் மட்டுமே என்று சொன்னால் அது பொய்யாகும். 'லிகண்ட்' என்ற சொல் எனக்கு முதலில் வெறும் ஓசையாக இருந்தது. அதையே பள்ளியில் 'ஈனி' என்று படித்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்ததும், உலோக அயனிக்குத் தன் எலக்ட்ரான் இணையை ஈந்து பிணைவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. 'வீழ்படிவு' என்பதும் அப்படித்தான்: கரைசலிலிருந்து வீழ்கிறது, அடியில் படிகிறது. 'ஒடுக்கம்' மட்டும் எந்த மொழியிலும் குழப்பும். எலக்ட்ரானைப் பெறுவதற்கு ஏன் ஒடுங்குவது என்று பெயர் என்பதை இன்றைக்கும் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் கடக்கிறேன்.

கனிம வேதியியல் செய்முறையில் எங்களுக்குத் தரப்பட்ட கலவைகளில் இரண்டு வழக்கமான நேர்மின் அயனிகளும் இரண்டு அரிய அயனிகளும் இருக்கும். காரீயம், தாமிரம், இரும்பு, துத்தநாகம் ஆகியவை இளங்கலையிலேயே பழக்கமானவை. டங்ஸ்டன், மாலிப்டினம், செலினியம், சீரியம், தோரியம் எல்லாம் புதியவை. இத்தகைய சோதனைகளில் நிறம்தான் சாட்சி, அந்தச் சாட்சியோ எளிதில் பிறழக்கூடியது. சுடர்ச் சோதனையில், வியர்வை பட்ட விரலால் பிளாட்டினக் கம்பியைத் தொட்டிருந்தாலே போதும், சோடியத்தின் மஞ்சள் எரிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், அன்றைய கலவையில் மாலிப்டினம் இருக்கிறது என்று காலையிலேயே வராந்தாவில் பேச்சு அடிபட்டது. இப்படிப்பட்ட வதந்திகள் ஆய்வகத்தின் நிரந்தரப் பிரஜைகள். அயனிகளைத் தொகுதி தொகுதியாக முறையாகப் பிரிக்கும் பொறுமை இல்லாமல், மூலக்கரைசலில் கொஞ்சம் எடுத்து அமிலமாக்கி, பொட்டாசியம் தயோசயனேட்டைச் சேர்த்தேன். சட்டென்று இரத்தச் சிவப்பு. மாலிப்டினம் என்று எழுதிக் குறிப்பேட்டை நீட்டினேன். பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்க்கவே இல்லை; சோதனைக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "நிறம் சரி. எதோட நிறம்?" என்று கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஸ்டானஸ் குளோரைடை எடுத்துச் சில துளிகள் விட்டார். சிவப்பு வெளுத்து மறைந்தது.

அது இரும்பு. ஃபெரிக் அயனியும் தயோசயனேட்டுடன் இரத்தச் சிவப்பைத் தரும். ஸ்டானஸ் குளோரைடு அதை ஃபெரஸாக ஒடுக்கிவிடுவதால் நிறம் போய்விடும். மாலிப்டினத்தின் கதை இதற்கு நேர் எதிரானது: தயோசயனேட்டை மட்டும் சேர்த்தால் வெளிர் மஞ்சள் தோன்றுவதோடு சரி; ஸ்டானஸ் குளோரைடு அதன் ஆக்சிஜனேற்ற நிலையை ஆறிலிருந்து குறைத்த பிறகுதான் சிவப்பே தோன்றும். ஒரே வினைபொருள் ஒன்றின் சிவப்பை அழிக்கிறது, மற்றொன்றின் சிவப்பைப் பிறப்பிக்கிறது. இதை நான் முந்தின இரவுதான் படித்திருந்தேன். மாலிப்டினம் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு குழாயைப் பார்த்ததால், படித்தது கைக்கு வரவில்லை.

இயற்பிய வேதியியல் செய்முறை இந்த அளவுக்கு நாடகத்தன்மை கொண்டதல்ல. எஸ்டர் நீராற்பகுப்பின் வேகம், கரியின் மேல் ஆக்சாலிக் அமிலத்தின் பரப்புக் கவர்ச்சி, கடத்துத்திறன் அளவீடு என்று கடிகாரத்தையும் பியூரெட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வரைபடத்தாளில் நேர்கோடு விழாத புள்ளிகளை எப்படியாவது கோட்டுக்கு அருகே நகர்த்திவிடும் கலையையும் அங்கேதான் எல்லோரும் கற்றோம். அதை இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இயற்பிய வேதியியலின் வகுப்பறைப் பக்கம், குறிப்பாக மூலக்கூறுகளின் சமச்சீரைக் கணிதமாக ஆராயும் குழுக் கோட்பாடு, என்னை முற்றிலும் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் அலைநீளம் மாறுவதான ராமன் விளைவு என்பது அதுவரை எனக்கு 1928 பிப்ரவரி 28 என்ற தேதியும் ஒரு மதிப்பெண் விடையும்தான். கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு பேராசிரியர் கரும்பலகையில் அம்புகள் வரைந்தார். மூன்று அணுக்கள் நேர்கோட்டில் அமைந்த மூலக்கூறு. அதிர்வு முறைகள் மூன்று பெருக்கல் மூன்று, கழித்தல் ஐந்து, ஆக நான்கு. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் வெளியே நீண்டு ஒரே நேரத்தில் உள்ளே சுருங்கும்போது மூலக்கூறின் மின்சுமைப் பிரிவைக் குறிக்கும் இருமுனைத் திருப்புத்திறன் மாறுவதே இல்லை. ஆகவே அகச்சிவப்பு நிறமாலையில் அந்த அதிர்வுக்கு இடமில்லை. ஆனால் எலக்ட்ரான் மேகம் விரிந்து சுருங்குவதால் அந்த மேகம் எவ்வளவு எளிதில் உருக்குலையும் என்பதைக் குறிக்கும் முனைவாகுதிறன் மாறுகிறது. ஆகவே ராமன் நிறமாலையில் அது தெரியும். சமச்சீர் மையம் உள்ள மூலக்கூறுகளில் ஒன்றில் தெரியும் அதிர்வு மற்றொன்றில் தெரியாது. ஆக்சிஜன் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே அன்று பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததற்கு அன்று நாற்றம் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

நான்காம் பருவம் ஆய்வுத் திட்டத்துக்கானது. எனக்குக் கிடைத்தது சால்கோன் என்ற கரிமச் சேர்மம். அசிட்டோஃபீனோனையும் 4-மெத்தாக்சி பென்சால்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், சில மணி நேரத்தில் குடுவை பால்போலக் கலங்கி வெளிர் மஞ்சள் திண்மம் பிரியும். ஓர் இளங்கலை மாணவர்கூடச் செய்யக்கூடிய வினைதான். ஆனாலும் நானே செய்த முதல் சேர்மம் என்பதால், வடிதாளில் அது உலர்வதை மதிய உணவுக்குக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உருகுநிலை 75 டிகிரியை ஒட்டி, சரியாகவே வந்தது.

காந்தப் புலத்தில் வைத்து, மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டும் என்.எம்.ஆர். கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. இரண்டு தாள்களில் அதைப் படித்து, புகைப்பட நகல்களில் நூறு நிறமாலைகளுக்காவது விடை கண்டுபிடித்திருந்த எங்களில் ஒருவரும் அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. மாதிரியைச் சிறு குப்பியில் அடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, கட்டணத்தோடு வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வந்த தாளை விரித்தபோது, எல்லாம் பாடத்தில் சொன்னபடியே இருந்தன. தாளின் கிடை அளவுகோலில் 3.85-இல் மெத்தாக்சியின் மூன்று புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன்கள். 7.80-இலும் 7.76-இலும் இரட்டைக் கோடு, இடைவெளி 0.039, கருவி 400 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 15.6 ஹெர்ட்ஸ். இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் உள்ள ஹைட்ரஜன்கள் சிஸ், அதாவது ஒரே பக்கம் என்றால் இந்த இடைவெளி 10-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டிரான்ஸ், எதிரெதிர்ப் பக்கம் என்றால் 16-ஐ ஒட்டி. என்னுடையது டிரான்ஸ். கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன்கள் எந்தெந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை ஒரு பெருக்கல் கணக்கில் நான் கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனால் 7.26-இல் ஒரு சிறு பீக், அதாவது முகடு, ஒற்றைக் கோடாக, யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. என் சேர்மத்தில் 14 புரோட்டான்கள், பீக்குகளின் பரப்புகளைக் கூட்டினால் 14.3 வந்தது. பென்சீன் வளையப் புரோட்டான்கள் வரும் அரோமேட்டிக் பகுதியில் இருப்பதால், வினையில் மிஞ்சிய ஏதோ மாசு என்று முடிவு கட்டினேன். எத்தனாலில் மறுபடிகமாக்கல் செய்தேன், மறுநாள் மீண்டும் செய்தேன், அடுத்த வாரம் மீண்டும். ஒவ்வொரு முறையும் வடிநீரோடு கொஞ்சம் போய், இரண்டு கிராமுக்கு மேல் இருந்த பொருள் ஒரு கிராமுக்கும் கீழே வந்தது. மிச்சத்தில் சிக்கனமாகக் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, இரண்டாம் முறை கட்டணம் கட்டி அனுப்பினேன். வந்த நிறமாலையில் அந்தப் பீக் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. தூய்மையாக்கத் தூய்மையாக்க அழுக்கு கூடும் அதிசயத்தை நான் கண்டுபிடித்திருந்தேன்.

நெறியாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் எதுவும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உன் காம்பவுண்டே இல்லம்மா. குளோரோஃபார்ம்" என்றார். மாதிரியைக் கரைக்கும், ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டிரியம் ஏற்றிய குளோரோஃபார்மில், டியூட்டிரியம் ஏறாத சாதாரணக் குளோரோஃபார்ம் எப்போதும் துளி எஞ்சியிருக்கும். அதன் ஒற்றைப் புரோட்டான் நிற்கும் இடம் 7.26. இரண்டாம் முறை பொருளைக் குறைவாக அனுப்பியதால், கரைப்பானின் பங்கு ஒப்பீட்டளவில் கூடிப் பீக் உயர்ந்திருக்கிறது. 1.56-இல் இன்னொரு சிறு மேடு இருந்ததையும் அவரே காட்டினார். அது நீர். எங்கள் தேர்வுக் கணக்குகளில் வரும் நிறமாலைகளில் கரைப்பானும் இல்லை, நீரும் இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் அவற்றைத் துடைத்துவிட்டே தருவார்கள். கருவியின் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றிருந்தால் ஒரு பேச்சிலேயே தெரிந்திருக்கும் செய்திக்கு, ஒரு கிராம் சால்கோனும் ஒன்றரை மாதமும் செலவாயின. இந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டம் முடிந்ததும் எல்லோரையும் போல நானும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வை எழுதினேன். 120 கேள்விகளில் 75-க்கு விடையளிக்க வேண்டும், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும்; இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் சில மதிப்பெண்களில் தவறவிட்டு, வீட்டில் பணம் தேவைப்பட்டதால் மருந்து நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே பகுப்பாய்வைத் தொடங்குமுன் கருவிக்குள் முதலில் செலுத்துவது மருந்தை அல்ல, வெறும் கரைப்பானை. அதற்கு பிளாங்க் என்று பெயர். கரைப்பானில் என்னென்ன பீக்குகள் வருகின்றன என்று தெரிந்த பிறகே மருந்தின் முறை வரும்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், மருந்தின் கூறுகளைப் பிரித்து நேர வரிசையில் பீக்குகளாகக் காட்டும் குரோமட்டோகிராம் தாளோடு ஏறக்குறைய ஓடிவந்தார். நான்காவது நிமிடத்தில் தெரியாத மாசு ஒன்று இருப்பதாகவும், அந்த பேட்ச்சையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். குரலில் பதற்றமும், அதற்கு அடியில் ஒரு கண்டுபிடிப்பாளரின் சந்தோஷமும் தெரிந்தன. பிளாங்க்கில் நான்காவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதில் சொல்லாமல் கருவி அறைக்குத் திரும்பி நடந்தார்.