செம்பருத்திக்கு வந்தது ஊதா இல்ல

மூணு வருஷமா மாடியில இருக்கிற செம்பருத்திக்கு வர்ற கருப்பு தேன்சிட்டை கண்ணை மூடிட்டு 'ஊதா தேன்சிட்டு'ன்னு நோட்ல எழுதிட்டு இருந்தேன். போன வாரம் பழைய போட்டோவை எல்லாம் பெரிய ஸ்கிரீன்ல போட்டு பாத்தா, அதுல பாதிக்கு மேல லோட்டன் தேன்சிட்டு, பாக்க அதே மாதிரி இருக்கிற வேற இனம்! தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

கலரை நம்பினதுதான் தப்பு. ரெண்டுலயும் ஆண் பறவை நிழல்ல உக்காந்தா வெறும் கருப்பு, அதே பறவை கொஞ்சம் நகர்ந்து வெயிலுக்கு வந்துச்சுன்னா நீலம், ஊதா, பச்சைன்னு மின்னும். அந்த மினுமினுப்பு சாயம் கிடையாது, இறகோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டு வர்ற நிறம், நாம நிக்கிற இடம் மாறினாலே அதுவும் மாறிடும். அப்புறம் எங்க 'இது அதிக ஊதா, அது கம்மி ஊதா'ன்னு பிரிக்கிறது.

அலகுதாங்க முக்கியம். லோட்டனுக்கு அலகு நல்லா நீளமா, அரிவாள் மாதிரி கீழ வளைஞ்சு இருக்கும், இவ்ளோ சின்ன உடம்புக்கு இது கொஞ்சம் ஓவர்னு தோணும். ஊதாவுக்கும் வளைவு உண்டு, ஆனா குட்டை, வளைவும் கம்மி. நான் இப்ப பண்றது என்னன்னா, பறவை பக்கவாட்டுல திரும்புறப்ப அந்த அலகை அப்படியே பின்னாடி மடிச்சு தலை மேல வைக்கிற மாதிரி மனசுல நினைச்சு பாப்பேன், பின்மண்டையைத் தாண்டி நல்லா நீட்டிட்டு இருக்குன்னா லோட்டன்னு எழுதிடுவேன். நேரா நம்மள பாத்துட்டு உக்காந்திருந்தா இது வேலைக்கு ஆகாது, எந்த அலகும் குட்டையாதான் தெரியும். என் பழைய குழப்பத்துக்கு பாதி காரணம் இந்த மாதிரி போட்டோதான்.

அடுத்து வயிறு. லோட்டன் ஆணுக்கு மார்ல குறுக்கால அரக்கு கலர்ல ஒரு பட்டை, அதுக்குக் கீழ வயிறு மங்கின பழுப்பு, புகை படிஞ்ச மாதிரி. ஊதாவுக்கு அடிப்பக்கம் முழுக்க கருநீலமாவே போகும். இதுல ஒரு வில்லங்கம், சில ஊதாவுக்கும் மார்ல மெல்லிசா ஒரு செம்பழுப்பு கோடு தெரியும். அதனால பட்டை இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, பட்டைக்குக் கீழ என்ன நிறம்னு பாருங்க.

பெண் பறவைங்கதான் சோதனை. ரெண்டும் மேல பாசிப் பழுப்பு, கீழ வெளிர் மஞ்சள், மினுமினுப்பே கிடையாது. அலகை விட்டா எனக்கு வேற வழி தெரியல. அது பத்தாதுன்னு ஊதா ஆண் இனப்பெருக்க சீசன் முடிஞ்சதும் தன்னோட பளபளப்பை எல்லாம் கழட்டி வச்சுட்டு பெண் மாதிரி மஞ்சளாயிடும், தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் நடுவுல ஒரே ஒரு கருப்பு கோடு மட்டும், டை கட்டின மாதிரி. இதை முதல்ல பாத்தப்ப புதுசா ஏதோ ஒரு இனத்தை கண்டுபிடிச்சுட்டேன்னு நானே குதிச்சிருக்கேன்.

பேரைப் பத்தியும் சொல்லிடறேன். லோட்டன்ங்கிறது ஒரு ஆளு, யோவான் கிடியோன் லோட்டன், 1752ல இருந்து 1757 வரைக்கும் இலங்கையில டச்சு கவர்னரா இருந்தவர், பறவைகளை ஓவியமா வரைய வச்சவர். உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸ் 1766ல இந்தப் பறவைக்கு பேர் வச்சப்ப இவர் பேரைத்தான் வச்சார். இலங்கையில இங்கிலீஷ்ல பேசறவங்க இதை 'லாங் பில்டு சன்பேர்ட்', அதாவது நீள அலகு தேன்சிட்டுன்னும் சொல்லுவாங்க, என்னைக் கேட்டா அதுதான் சரியான பேரு, பேருலயே விடை இருக்கு. லோட்டன் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டியே இருக்கிற பறவை, ஊதா இந்தியா முழுக்க, மேற்கால ஈரான் பக்கம் வரைக்கும்கூட உண்டு. அதனால வட இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு இந்த தலைவலியே இல்ல.

செம்பருத்தியில வேற ஒண்ணு பாத்தேன். பூ பெருசா இருந்தா ரெண்டுமே முன்வாசல் வழியா போறதில்ல, காம்புப் பக்கம் உக்காந்து அடியில ஓட்டை போட்டு தேனை உறிஞ்சிடுதுங்க, மகரந்தம் ஒட்டுற வேலையே இல்லாம சுத்தமான திருட்டு. இவ்ளோ நீள அலகை வச்சுக்கிட்டு லோட்டன் எதுக்கு இந்த குறுக்கு வழிக்கு வருதுன்னு அதைத்தான் கேக்கணும்.

நோட்டை எடுத்து திருத்த ஆரம்பிச்சிருக்கேன். பின்னாடி இருந்து மட்டும் எடுத்த 14 போட்டோ இருக்கு, அதுக்கெல்லாம் 'ஏதோ ஒரு தேன்சிட்டு'ன்னு எழுதி விட்டுட்டேன்.