வேதாளம் குடியிருக்கும் குன்று

குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புனே கொஞ்சம் குழப்பமான ஊர். நகரத்துக்குள்ளேயே ஏகப்பட்ட குன்றுகள். சதுஷ்ருங்கி, ஹனுமான் டேக்டி, வேதாள் டேக்டி, பர்வதி, தள்ஜாய் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு எழுந்து நிற்கும். குன்றைத்தான் இங்கே டேக்டி என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம் உண்டு. ஓரிடத்தில் அம்மன், ஓரிடத்தில் மாருதி. இவற்றில் ஆக உயரமான வேதாள் டேக்டியில், பெயரே சொல்வது போல, வேதாளம். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்லுமே, அதே பெயர்தான். நம்மவரை மட்டும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் மராட்டியர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்கரி, அதாவது பண்டரிபுரத்து விட்டலனின் அடியார். கழுத்தில் துளசி மாலை, வாயில் எந்நேரமும் "ராம் கிருஷ்ண ஹரி". பால்காரர், ஆட்டோக்காரர், எதிரே வரும் முன்பின் தெரியாதவர் எல்லாரும் அவருக்கு "மாவுலி"தான். தாயே என்று கூப்பிடுவது வார்கரிகள் வழக்கம். ஆளந்தியிலிருந்து மகான் ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து மகான் துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் போகும் வழியில் புனேவுக்கு வந்து தங்கிப் புறப்படும் நாட்களில் இவரை வீட்டில் பிடிக்க முடியாது. ஞானேஸ்வரர் பல்லக்கோடு திவே மலைப்பாதை ஏறி சாஸ்வட் வரைக்கும் ஒரே நாளில் நடந்துவிடுவார். நானோ அலுவலக நாற்காலியில் தேய்ந்தவன். அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க இன்னும் திணறுகிறேன்.

நான் சொல்லப்போவது இங்கத்திய சிராவண மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி. இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில் தூறலாக இளைத்திருந்தது. ஐந்தரை மணிக்குச் சட்டக் கல்லூரிச் சாலைப் பக்கமிருந்து ஏற ஆரம்பித்தோம். தக்காணத்துக் கரும்பாறைக்கு மழைக்காலத்தில் ஒரு குணம் உண்டு. பார்க்கச் சொரசொரப்பாக இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். பாறை மேல் மிதிக்காமல் ஓரத்துப் புல்லில் மிதித்து வரச் சொன்னார் நண்பர். புல்லும் முழங்கால் வரை ஈரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினவர்களும் இருந்தார்கள். வேண்டுதலா, வழுக்கலுக்குப் பயந்தா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மேட்டுக்கு வந்ததும் பாதை சமமாகி நீண்டு போகிறது. இரண்டு பக்கமும் வனத்துறை எப்போதோ நட்ட கிளிரிசிடியா மரங்கள். நண்பருக்கு இந்த மரத்தின் மேல் தீராத கோபம். "பச்சையாக இருந்தால் போதும் என்று வெளிநாட்டு மரத்தை நட்டுவிட்டார்கள். இதன் கீழே நம் ஊர்ப் புல் வருமா? பறவை கூடு கட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்பார். கோடையில் இதே பாதையில் தண்ணீர் பாட்டிலைச் சுமந்துவந்து வேம்புக்கும் ஆலங்கன்றுக்கும் ஊற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். மழை பெய்வதால் அன்று அவர்கள் வெறுங்கையோடு வந்து, அவரவர் கன்றின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள். அதுவும் ஒரு தரிசனம்தான் போல.

பழைய கல்குவாரிப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஏரி மாதிரி ஆகியிருந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது. அதைத் தாண்டும்போதுதான் முதல் அகவல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, பதிலுக்கு வேறொன்று. இந்தக் குன்று முழுக்க மயில்கள். புல்லுக்குள்ளிருந்து நீலக் கழுத்து ஒன்று எழுந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறைந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"மயில் இருக்கிறது, குன்றும் இருக்கிறது. ஆளைத்தான் காணோம்" என்றேன்.

"யாரை?"

"முருகனை. உங்கள் கார்த்திகேயரை."

அவர் சிரித்தார். "முதலில் இந்த வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் அவர் எங்கே என்று காட்டுகிறேன்."

வேதாள பாபா கோயில் குன்றின் உச்சியில் இருக்கிறது. சின்னக் கோயில். கோபுரமும் இல்லை, பிராகாரமும் இல்லை, கட்டணச் சீட்டும் இல்லை. உள்ளே செந்தூரம் அப்பி அப்பித் திரண்ட உருவம். மராட்டிய நாட்டில் காவல் தெய்வங்களுக்கெல்லாம் இந்த ஆரஞ்சு நிறம்தான். எண்ணெயில் குழைத்த செந்தூரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பூசுவதால் அடியில் இருக்கும் கல் எந்த வடிவம் என்றே தெரியாமல் போய்விடும். முகம் எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டே நின்றேன். யாரோ உடைத்து வைத்த தேங்காய் மூடியில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஊதுபத்தி ஏற்றப் பார்த்தார். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. நண்பர் போய் இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைப்பு கொடுத்தார். இன்னொருவர் குடையைச் சாய்த்துப் பிடித்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பத்தியை ஏற்றி முடித்தபோது, அங்கே நின்ற எல்லார் முகத்திலும் தனக்கே ஆரத்தி எடுத்த திருப்தி.

வேதாளம் பூத கணங்களின் தலைவர் என்றார் நண்பர். அமாவாசை இரவில் தன் படையோடு ஊர்வலம் வருவார், எல்லைக்குக் காவல், கொங்கணத்திலும் கோவாவிலும் இவருக்கு ஊர் ஊராகக் கோயில் உண்டு என்றெல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்றுமே புதிதாகப் படவில்லை. நம் முனியும் கருப்பும் ராத்திரியில் என்ன செய்கிறார்களோ அதைத்தான் இவரும் செய்கிறார். குதிரையும் அரிவாளும் மட்டும்தான் குறை. ஊருக்குள் பெரிய கோயிலில் இருக்கும் சாமியிடம் பதவி உயர்வு, வரன் என்று பெரிய மனு போடலாம். எல்லையில் நிற்பவரிடம் "பார்த்துக்கொள்ளப்பா" என்று ஒரு வார்த்தை போதும். அவர் முன்னால் சொல்ல எனக்கு மந்திரம் எதுவும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் "வேலுண்டு வினையில்லை, மயிலுண்டு பயமில்லை" என்று வாய் முணுமுணுத்தது. வேதாள பாபா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. இங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும். நண்பர் தோளைப் பிடித்துத் தென்கிழக்கே திருப்பினார். "அதோ பர்வதி. உங்கள் ஆள் அங்கேதான் இருக்கிறார்."

பர்வதிக்கு நான் போயிருக்கிறேன். மராட்டியப் பேரரசின் பிரதமராக, அதாவது பேஷ்வாவாக இருந்த நானாசாகேப் கட்டிய தேவதேவேஸ்வரர் கோயில், அகலமான 103 படிகள். பானிப்பட்டுப் போரில் தோற்ற துக்கத்தில், அதே 1761இல், நானாசாகேப் உயிர்விட்டதும் அந்தக் குன்றில்தான். கார்த்திகேயர் சன்னதி அங்கே தனியாக இருக்கிறது. ஆனால் அங்கே பெண்கள் அவரைத் தரிசிப்பதில்லை என்பது மரபு. மராட்டியத்துக் கார்த்திகேயர் கல்யாணமே வேண்டாம் என்று விரதம் பூண்ட பிரம்மச்சாரி. கார்த்திகைப் பௌர்ணமியும் கிருத்திகை நட்சத்திரமும் கூடுகிற வேளையில் மட்டும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். வள்ளி தெய்வானை சமேதராகவே பார்த்துப் பழகிய என் மனைவிக்கு இதைக் கேட்டதும் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"அவர் ஏன் அப்படி ஆனார்?" என்று நண்பரைக் கேட்டேன். கதை எனக்கு ஓரளவு தெரியும், ஆனாலும் அவர் வாயால் கேட்க ஆசை. உலகத்தைச் சுற்றி வரும் போட்டி. மயிலேறிக் கிளம்பினார். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளையார் தாய் தந்தையைச் சுற்றிவிட்டு ஜெயித்து உட்கார்ந்திருக்கிறார். வந்ததே கோபம். இனி பெண் முகமே பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தெற்கே புறப்பட்டுப் போய்விட்டார். அதுவரை எல்லாம் நம் பழனிக் கதைதான். பழத்துக்காகக் கோபித்ததாக நாம் சொல்வோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கதையை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள்" என்றேன். "உங்களிடம் கோபித்துக்கொண்டு கிளம்பியவர் நேராக எங்களிடம்தான் வந்தார். கொஞ்ச நாள் ஆண்டியாக நின்றார். அப்புறம் கோபம் தணிந்து இரண்டு கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறார்."

நண்பர் நடையை நிறுத்திவிட்டார். "இரண்டா?"

"இரண்டு. ஒருத்தி இந்திரன் மகள், இன்னொருத்தி தினைப்புனம் காத்த வேடர் வீட்டுப் பெண். இரண்டாவது கல்யாணத்தை முடித்து வைத்ததே உங்கள் கணபதிதான், யானையாக வந்து."

"அப்படியானால் அண்ணன் தம்பி சமாதானம் ஆகிவிட்டார்களா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. சொந்தக்கார வீட்டுச் சண்டை தீர்ந்த செய்தியைக் கேட்ட நிம்மதிதான் இருந்தது. பிள்ளையாரைக் கொண்டாடுகிற ஊர்க்காரர் அல்லவா, தம்பி விஷயத்தில் அவருக்கும் ஒரு மனக்குறை இருந்திருக்கும்.

கிழக்கே பெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் இன்னொரு குன்று. கோபால கிருஷ்ண கோகலே 1905 ஜூன் 12 அன்று இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியதும், உடனிருந்த மூவரோடு சேவை விரதம் ஏற்றதும் அந்தக் குன்றில்தான். கோகலே 1915இல் மறைந்தபோது சங்கத்தின் தலைவராக வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்துப் பக்கத்து மனிதர் ஒருவர் இந்தக் குன்றடியில் வந்து பொறுப்பேற்றிருக்கிறார் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். கோயில் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவதுண்டு.

நாங்கள் நின்ற குன்றுக்கும் ஒரு போராட்டக் கதை இருக்கிறது. சரிவை ஒட்டிச் சாலையும், அடியில் குடைந்து சுரங்கப்பாதையும் போடும் திட்டங்களை எதிர்த்து 2023 ஏப்ரலில் புனேக்காரர்கள் திரளாக ஊர்வலம் போனார்கள். நண்பரும் போயிருந்தார். "இத்தனை நாள் வேதாளம் எங்களைக் காத்தது. ஒரு நாள் நாங்கள் போய் நின்றால் என்ன?" என்றார்.

பத்ரகார் நகர்ப் பக்கம் இறங்கினோம். இறங்குவதுதான் சிரமம், ஏறும்போது கை கொடுத்த புல் இறங்கும்போது காலை வாரியது. கீழே ஒரு தெருமுனை மாருதிக்குச் சனிக்கிழமைக் கூட்டம். நம்மூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை, வெற்றிலை மாலை என்றால் இங்கே எருக்கிலை மாலை. கூடைக்காரப் பெண்மணி தரையில் உட்கார்ந்து எருக்கிலைகளை அடுக்கி நாரில் கோத்துக்கொண்டிருந்தாள். காம்பில் கசிந்த பால் விரலில் ஒட்டிக் கறுத்திருந்தது. ஒரு மாலை வாங்கிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் விட்டுக் கும்பிட்டு, சேனாபதி பாபட் சாலையோடு சதுஷ்ருங்கிக்கு நடந்தோம்.

அந்த அம்மன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். துர்லப்சேட் என்ற வணிகர் ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் நாசிக் பக்கத்து வணியில் இருக்கும் சப்தஷ்ருங்கி தேவியைப் போய்த் தரிசிப்பவர். வயதாகி, போக முடியாமல் ஏங்கியபோது அம்மன் கனவில் வந்து, நீ வர வேண்டாம், நானே உன் ஊர்க் குன்றில் இருக்கிறேன், தோண்டிப் பார் என்றாளாம். அப்படி வெளிப்பட்டவள்தான் இவள். நவராத்திரியில் இந்தச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று கூட்டமில்லை. செந்தூர முகமும் வெள்ளிக் கண்ணுமாக இருந்தவளைத் திகட்டத் திகட்டப் பார்த்தோம். பக்தன் வர முடியாவிட்டால் தானே கிளம்பி வந்துவிடுகிற சாமி இவள். நம்மவர் மயிலை மட்டும் இங்கே அனுப்பி வைத்திருக்கிறார்.

சிராவணச் சனி விரதம் என்பதால் நண்பருக்கு ஜவ்வரிசிக் கிச்சடி, எனக்குப் போஹா, அதாவது அவல் உப்புமா. இரண்டாவது டீ வரும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தக் கோபம் தணிந்தது என்று சொன்னீர்களே, அது எந்த இடம்?"

"திருத்தணி. வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்டதும் அங்கேதான் என்பார்கள். இங்கிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது, ரேணிகுண்டா தாண்டி."

"படி?"

"365. நாளுக்கு ஒன்று என்று கணக்கு."

"நான் ஏறிவிடுவேன்" என்றவர் கிச்சடியில் இருந்த வேர்க்கடலையை ஒதுக்கிக்கொண்டே கேட்டார். "என் மனைவியையும் கூட்டி வரலாமா? பர்வதியில் அவள் இதுவரை வெளியேதான் நின்றிருக்கிறாள். சன்னதி வரைக்கும் விடுவார்களா?"

"தாராளமாக. அவர் பக்கத்தில் நிற்கிறவளே பெண்தானே."

"அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது."

மேலே வரைக்கும் வண்டி போகும் என்றேன். தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், டிக்கெட்டை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்க எழுந்தார்.